சேற்றைச் சேறாகவே விடுங்கள்: சென்னைக் கழிமுகங்களில் வலசைப் பறவைகளைக் காக்கப் புதிதாய் வருவோருக்கு

நவம்பரில் ஒரு நாள், தண்ணீர் வற்றும் நேரமாகப் பார்த்து, அடையாறு திரு.வி.க. பாலத்தின் நடைபாதையில் நின்று கிழக்கே பாருங்கள். கறுகறுவென்று ஒரு சேற்றுத் திட்டு கிடக்கும். நாற்றமும் இருக்கும். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் கைக்குட்டையை எடுப்பார். அதே சேற்றில் குடுகுடுவென்று ஓடி ஓடிக் கொத்துகிறதே ஒரு குட்டிப் பறவை, அது கொசு உள்ளான். எடை சுமார் 25 கிராம். ஆர்க்டிக் துந்திரத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, அந்தச் சேற்றுக்காகத்தான் அது இத்தனை தூரம் பறந்து வந்திருக்கிறது.

"பறவைகளுக்கு ஏதாவது செய்யணும், எங்கே தொடங்கலாம்?" என்று கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் மரக்கன்றோடு வருகிறார்கள். மீதிப் பேர் கோணிப்பையும் கையுறையுமாகக் குப்பை பொறுக்க வருகிறார்கள். நல்ல மனசுதான். ஆனாலும் இரண்டையும் முதல் வருடம் தள்ளிவையுங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

முதலில் ஒரு வாத்துக் குழப்பம்

தமிழில் எல்லாமே வாத்துதான். அதனால் "இமயமலையைத் தாண்டி வரும் வாத்து இங்கே வருமாமே?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது வரித்தலை வாத்து. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை போட்டிருக்கும். மங்கோலியா, திபெத் பக்கத்து ஏரிகளில் இனப்பெருக்கம் செய்து, குளிர்காலத்துக்கு இந்தியா வரும். 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பறந்ததைக் கருவி பொருத்தியே பதிவு செய்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அதைப் பார்க்க வேண்டுமென்றால் திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளம் போங்கள். அது புல் மேயும் பறவை. வயலும் ஏரியும் அடுத்தடுத்து இருக்கும் இடத்தைத்தான் தேடும். அடையாற்றுச் சேற்றில் அதற்கு வேலையில்லை.

சென்னையில் நாம் பார்க்கும் வலசை வாத்துகள் வேறு: ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன். பள்ளிக்கரணையில் மழைக்காலம் முடிந்து தண்ணீர் நிறைந்திருக்கும்போது இவை கூட்டமாக இருக்கும். கழிமுகத்தின் சொந்தக்காரர்கள் கரையோரம் நடந்து இரை தேடும் உள்ளான் வகையறாக்கள்தான். பவளக்காலி, பச்சைக்காலி, கருவால் மூக்கன், பட்டாணி உப்புக்கொத்தி, கோட்டான் (ஆந்தையல்ல, நீண்டு வளைந்த மூக்குள்ள கரைப்பறவை), நெடுங்கால் உள்ளான் என்று பட்டியல் நீளும். முதல் குளிர்காலத்தில் ஆறு ஏழு பெயர் தெரிந்தால் போதும். உள்ளான்களைப் பிரித்துச் சொல்வது பழகியவர்களுக்கே தலைவலி. நான் மூன்று வருடம் எல்லாவற்றையும் "சின்ன உள்ளான்" என்றே எழுதிக்கொண்டிருந்தேன்.

சேறு என்ன செய்கிறது

பறவையின் மூக்கைப் பாருங்கள். அது சேற்றுக்குள் விடும் அளவுகோல். உப்புக்கொத்திக்குக் குட்டை மூக்கு. மேலே நெளிவதைக் கண்ணால் பார்த்து, ஓடிப்போய்க் கொத்தும். கொசு உள்ளான் மேல்தோலைக் கிளறும். பவளக்காலி இன்னும் கொஞ்சம் ஆழம். கருவால் மூக்கன் மூக்கு முழுவதையும் உள்ளே விட்டுத் துழாவும். கோட்டானின் வளைந்த மூக்கு நண்டு வளைக்குள்ளேயே போகும். ஒரே சேற்றில் ஒவ்வோர் ஆழத்திலும் ஒரு பந்தி நடக்கிறது: புழு, பொடி நண்டு, நத்தை, மட்டி. இந்தப் பந்தி நடக்க மூன்று வேண்டும். சேறு ஈரமாக இருக்க வேண்டும், நாளுக்கு இரண்டு தடவை தண்ணீர் ஏறி வடிய வேண்டும், மேலே திறந்த வெளியாக இருக்க வேண்டும்.

மூன்றாவதைத்தான் நாம் கெடுக்கிறோம். பத்து வருடத்துக்கு முன் நகரத்துக்கு வடக்கே ஒரு கழியில் அலையாத்தி (உப்புநீர்ச் சேற்றில் வளரும் மாங்ரோவ்) கன்று நடும் விழாவுக்கு நானும் போனேன். பேனர், தொப்பி, தயிர்சாதப் பொட்டலம் எல்லாம் இருந்தது. நட்ட இடம் வெறும் சேற்றுத் திட்டு. அதற்கு முந்தைய ஜனவரியில் அங்கேதான் நூற்றுக்கணக்கான உள்ளான்களைப் பார்த்திருந்தேன். யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. கன்றுகளில் பாதி செத்தன. பிழைத்தவை புதரான பிறகு அந்தப் பக்கம் உள்ளான் இறங்குவதில்லை. சேற்றை வேர் பிடித்துக்கொண்டது ஒரு காரணம். பருந்து மறைந்து வர இடம் கிடைத்துவிட்டது இன்னொரு காரணம். நாலு பக்கமும் கண்ணுக்கு எட்டிய வரை தெரியாத இடத்தில் இந்தப் பறவைகள் நிம்மதியாக மேயாது, தூங்காது.

அலையாத்தி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏற்கெனவே இருந்து அழிந்த இடத்தில் நடலாம். வெறும் சேறாகவே இருந்துவந்த இடத்தில் நடக் கூடாது. யாராவது கன்று நட அழைத்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: "போன ஜனவரியில் இங்கே என்ன பறவை இருந்தது, யார் எண்ணினார்கள்?"

படி 1: ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

நாலு இடம் ஓடாதீர்கள். வீட்டிலிருந்து எது பக்கமோ அதை எடுத்துக்கொண்டு மாதம் இரண்டு தடவையாவது போய் வாருங்கள்.

அடையாறு முகத்துவாரத்துக்குத் தெற்கே தியசாபிகல் சொசைட்டித் தோட்டம், வடக்கே பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம். பாலத்திலிருந்து பார்ப்பதே எளிது. பெசன்ட் நகர்ப் பக்கம் இருக்கும் உடைந்த பாலத்தில் ஏறாதீர்கள். அது செல்ஃபி எடுக்கும் இடமல்ல, பல பேர் விழுந்த இடம்.

பள்ளிக்கரணையில் துரைப்பாக்கம்–பல்லாவரம் 200 அடிச் சாலையே சதுப்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் 1,247 ஹெக்டேருக்கு, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தது. இங்கிருந்து தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போகிறது. அதனால் பள்ளிக்கரணையைப் பார்ப்பவரும் கோவளம், கேளம்பாக்கம் உப்பங்கழியைப் பார்ப்பவரும் ஒரே தண்ணீரின் இரண்டு முனைகளைத்தான் பார்க்கிறார்கள். உப்பளப் பாத்திகளைக் குறைத்து மதிக்காதீர்கள். நீர் ஏற்றம் வந்து சேறு மூழ்கும்போது பறவைகள் ஒதுங்குவது அங்கேதான்.

வடசென்னைக்காரர்களுக்கு எண்ணூர். கொசஸ்தலையாற்றின் கழிமுகம், அனல்மின் சாம்பல் படிந்து ஆழம் குறைந்த இடம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் பரவி, கூழைக்கடாக்கள் உடம்பெல்லாம் கறுத்து நின்றதை நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள். இன்னும் வடக்கே பழவேற்காடு. படகில் போனால் படகுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: "அண்ணே, பூநாரை பக்கம் ஓட்ட வேணாம், தள்ளியே நிறுத்துங்க." சொல்லாவிட்டால், பறக்கவைத்துக் காட்டினால்தான் சவாரிக்குக் கொடுத்த காசு செரிக்கும் என்று அவர் நினைத்துக்கொள்வார். அது அவர் தப்பல்ல, முன்னே போனவர்கள் பழக்கிவிட்ட பழக்கம்.

படி 2: நாட்காட்டியும் நீர் ஏற்றமும்

ஆகஸ்ட் கடைசியிலேயே முதல் உள்ளான்கள் வந்துவிடும். வாத்துகள் நவம்பருக்குப் பிறகு. வடகிழக்குப் பருவமழையில் பள்ளிக்கரணை நிறைந்துவிடும்போது உள்ளான்களுக்கு அங்கே கால் ஊன்ற இடமிருக்காது. தை பிறந்து தண்ணீர் வடியத் தொடங்கியதும் ஓரங்களில் சேறு தலைகாட்டும், அவையும் வரும். மார்ச், ஏப்ரலில் திரும்பும் பயணம். அதற்கு முந்தைய வாரங்களில் அவை ராப்பகலாகத் தின்று கொழுப்பு சேர்க்கும். சில இனங்கள் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்ளும். அப்போது ஒரு நாயோ ட்ரோனோ நாளுக்கு ஐந்து தடவை கிளப்பிவிட்டால், தின்றதெல்லாம் இங்கேயே எரிந்துபோகும். புகைப்படக்காரர்களுக்கு அந்த மாதங்கள்தான் பிடிக்கும், பறவைகள் இனப்பெருக்க நிறத்துக்கு மாறியிருக்கும். ஆகவே, பங்குனியில்தான் இன்னும் பத்தடி தள்ளி நிற்க வேண்டும்.

சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் அதிகம் போனால் ஒரு மீட்டர் அளவுதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அதிகமாகவும் அஷ்டமி நாட்களில் குறைவாகவும் இருக்கும். நேரத்தைத் துறைமுகத்துக்கான ஏற்றவற்ற அட்டவணையில் பாருங்கள். ஆனால் அட்டவணை சொல்வது கடலின் நேரம். முகத்துவாரம் குறுகலாக இருந்தால் உள்ளே தண்ணீர் வடிவதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். எவ்வளவு என்பதை உங்கள் இடத்தில் நின்று நீங்களே குறித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும், அல்லது வலை வீசுகிறவரிடம் கேட்க வேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு குப்பத்துப் பெரியவர். நான் தொடர்ந்து மூன்று வாரம் போனபின், "இன்னா தம்பி, மீனும் புடிக்கல, குளிக்கவும் இல்ல, சும்மா சேத்தையே பாத்துனு நிக்கிற?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். "காலைல வந்தா இன்னா தெரியும்? மூணு மணிக்கு மேல வா, தரை தெரியும்" என்றார். அட்டவணையைவிட அவர் சொன்னதுதான் அன்றைக்குச் சரியாக இருந்தது.

படி 3: எண்ணுங்கள்

எல்லாவற்றிலும் உருப்படியான வேலை இதுதான். இதற்காகவே மற்றதையெல்லாம் தள்ளிவைக்கச் சொன்னேன்.

எண்ணிக்கைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? ஒரு நீர்நிலை 20,000 நீர்ப்பறவைகளைத் தொடர்ந்து தாங்கினாலோ, ஏதாவது ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் நூற்றில் ஒரு பங்கு அங்கே தொடர்ந்து வந்தாலோ, ராம்சர் அளவுகோலின்படி அது உலக முக்கியத்துவம் உள்ள இடம். அதை நிரூபிக்கக் கவிதை உதவாது, பல வருட எண்ணிக்கை வேண்டும். "முன்னெல்லாம் நிறைய வரும் சார்" என்று மனுவில் எழுதினால் எந்த அதிகாரியும் தலையாட்டிவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்.

சாமான் அதிகம் வேண்டாம். 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும்) பைனாகுலர் ஒன்று, மங்கிய நிறச் சட்டை, தொப்பி, தண்ணீர், பென்சில், நோட்டு. பேனா வேண்டாம், டிசம்பர் மழையில் மை கரைந்து நான் ஒரு மாதக் கணக்கை இழந்திருக்கிறேன்.

வீட்டிலேயே பயிற்சி எடுக்கலாம். தட்டில் ஒரு பிடி துவரம்பருப்பைக் கொட்டி, ஐந்து நொடி பார்த்து, எத்தனை என்று சொல்லிவிட்டு, பிறகு எண்ணுங்கள். முதலில் எல்லோரும் பாதியைத்தான் சொல்வார்கள். இரண்டு வாரத்தில் கண் பழகும். களத்தில், கூட்டத்தின் ஓரத்தில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, அதே அளவை அப்படியே நகர்த்திக்கொண்டு போங்கள். பெரிய கூட்டமென்றால் நூறு நூறாக. இடமிருந்து வலமாக ஒரே போக்கில் எண்ணி முடியுங்கள். நடுவில் பறந்துவிட்டால் அந்த எண்ணிக்கையை விட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள். இனம் தெரியாவிட்டால் "அடையாளம் தெரியாத உள்ளான் 140" என்று எழுதுவது நேர்மை. ஒன்றுமே இல்லையென்றால் பூஜ்யம் என்று எழுதுங்கள். பூஜ்யம் எழுதக் கூச்சப்படுகிறவர்களால்தான் ஒரு இடம் எப்போது காலியானது என்பதே தெரியாமல் போகிறது.

கூடவே மூன்று விவரம் குறிக்க வேண்டும்: நேரம், தண்ணீர் ஏறுகிறதா வற்றுகிறதா, முகத்துவாரம் திறந்திருக்கிறதா. பிறகு, பறவைக் குறிப்புகளைச் சேர்த்துவைக்கும் இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றிவிடுங்கள். ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு (1987 முதல் நடக்கிறது), பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு (2015 முதல்), அதோடு வனத்துறையின் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பு என்று வரிசையாக வரும். தனியாகத் தொடங்கத் தயக்கமாக இருந்தால் 1978 முதல் இயங்கும் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டியின் களப்பயணங்களில் சேர்ந்துகொள்ளலாம்.

பறவையின் காலில் ஆய்வாளர்கள் மாட்டிய வளையமோ வண்ணக் கொடியோ கண்ணில் பட்டால் அன்றைய யோகம். எந்தக் கால், மேலே என்ன நிறம், கீழே என்ன நிறம், எழுத்து இருந்தால் என்ன என்று குறித்து, முடிந்தால் படமெடுத்து, மும்பையிலுள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாக வளையமிட்டு வருபவர்கள் அவர்கள்.

படி 4: தள்ளி நிற்கப் பழகுங்கள்

எத்தனை அடி என்று கேட்காதீர்கள், பறவையே சொல்லும். மேய்ந்துகொண்டிருப்பது தலையை நிமிர்த்தினால் நில்லுங்கள். உங்களுக்கு எதிர்ப்பக்கம் நடக்கத் தொடங்கினால் இரண்டு எட்டு பின்வாங்குங்கள். பறந்துவிட்டால் நீங்கள் தோற்றுவிட்டீர்கள். நேராக நடந்து போகாமல் குறுக்குச் சாய்வாகப் போனால், உட்கார்ந்துவிட்டால், அவை சீக்கிரம் மறந்துவிடும். ஏற்ற நேரத்தில் மணல் திட்டில் நெருக்கமாக நின்று தூங்கும் கூட்டத்தை எந்தக் காரணத்துக்காகவும் கிளப்பக் கூடாது.

படி 5: முகத்துவாரத்தைப் படமெடுங்கள்

சிறிய வேலை, பலன் பெரிது. நம் கடற்கரையில் மணல் மொத்தத்தில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கோடையில் ஆற்றில் வேகம் இல்லாதபோது அந்த மணல் அடையாற்றின் வாயில் குவிந்து மூடிவிடும். வாய் மூடினால் ஏற்றமுமில்லை, வற்றமுமில்லை. சாக்கடை நீர் உள்ளேயே தேங்கும், சேறு வெளிப்படாது, புழு சாகும், பறவை போய்விடும். பிறகு பொக்லைன் வந்து தோண்டும், இல்லையென்றால் ஐப்பசி வெள்ளம் வந்து உடைக்கும்.

ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் மாதம் ஒரு படம் எடுத்து, தேதியோடு சேமியுங்கள். பறவை எண்ணிக்கையின் பக்கத்தில் அதை வைத்துப் பார்த்தால் எது எதனால் நடந்தது என்பது புரியத் தொடங்கும். தோண்டும் மண்ணை எங்கே கொட்டுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். சேற்றுத் திட்டின் மேலேயே கொட்டினால் வாய் திறந்தும் பயனில்லை.

குப்பை

பொறுக்கலாம், ஆனால் நேரம் பார்த்து. குளிர்காலத்தில் வற்ற நேரம் பறவைகளின் சாப்பாட்டு நேரம். ஐம்பது பேர் சேற்றில் இறங்கினால் மிதித்த இடமெல்லாம் இறுகிவிடும். மேட்டுக் கரையிலும் கடற்கரைப் பக்கத்திலும் பொறுக்குங்கள். முதலில் எடுக்க வேண்டியது அறுந்த வலை, தூண்டில் நரம்பு. பிளாஸ்டிக் பையைவிட இவைதான் காலில் சுற்றிக் கொல்கின்றன. "அப்படியானால் கோடையில் செய்கிறோம்" என்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஆட்காட்டியும் நெடுங்கால் உள்ளானும் வெறும் தரையில் முட்டையிடுவது அப்போதுதான். முட்டை கூழாங்கல் போலவே இருக்கும். தலைக்கு மேல் ஒரு பறவை கத்திக்கொண்டே சுற்றினால், வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

மனு எழுதுவது

மண் கொட்டுகிறார்கள், லாரி வந்து கழிவுநீர் விடுகிறது. என்ன செய்வது? லாரியை மறிக்காதீர்கள். சற்றுத் தள்ளி நின்று தேதி, நேரம், இருப்பிடக் குறியீட்டோடு படம் எடுங்கள். பிறகு எந்தச் சட்டம் எங்கே செல்லும் என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். 2017 ஈரநில விதிகளில் ஆற்றுப் படுகையும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வரும் இடங்களும் சேராது. அடையாறு முகத்துவாரத்துக்கு ஈரநில விதியைக் காட்டி மனு போட்டால் "எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று ஒரு வரியில் பதில் வரும். எனக்கு வந்தது. அங்கே காட்ட வேண்டியது கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. சேற்றுத் திட்டுகள், அலையாத்திகள், பறவைகள் கூடு கட்டும் இடங்கள் எல்லாம் அதில் முதல் வகையில், மிகக் கண்டிப்பான பாதுகாப்பில் வருகின்றன. மனுவை மாநிலக் கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புங்கள். பள்ளிக்கரணை ராம்சர் பகுதிக்கு வனத்துறைக்கும் மாநில ஈரநில ஆணையத்துக்கும். கழிவுநீர் என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒரு நகல்.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். இடம், புல எண், நடந்தது, கோரிக்கை, உங்கள் எண்ணிக்கை அட்டவணை, இவ்வளவே. நாற்பது நாள் பதிலில்லை என்றால் பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் "என் மனுமீது எடுத்த நடவடிக்கை என்ன?" என்று கேளுங்கள். அடுத்த முப்பது நாளுக்குள் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

அடிபட்ட பறவை, செத்த பறவை

அடிபட்டதற்குச் சோறு ஊட்டாதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டாக வைத்து, வனத்துறைக்குச் சொல்லுங்கள். எண்ணெய் பட்ட பறவையை வீட்டில் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டவே கூடாது. அது பயிற்சி பெற்றவர்களின் வேலை. ஒரே இடத்தில் நாலைந்து செத்துக் கிடந்தால் தொடாதீர்கள். பறவைக்காய்ச்சலாக இருக்கலாம். படம் எடுத்து வனத்துறைக்கும் கால்நடைப் பராமரிப்புத் துறைக்கும் தகவல் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

முதல் தடவை எங்கே வருவது என்று இன்னும் யோசிக்கிறீர்களானால், திரு.வி.க. பாலத்துக்கே வாருங்கள். பேருந்து நிறுத்தம் பக்கம், நுழைவுச் சீட்டு கிடையாது, காலில் சேறு ஒட்டாது. ஹாரன் சத்தம் உங்களுக்குத்தான் தொந்தரவு. கீழே இருக்கும் பவளக்காலிக்கு அதெல்லாம் எப்போதோ பழகிவிட்டது.